கை திரும்பிடுச்சு

காசிமேடு மார்க்கெட் சொந்தங்களுக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி எலும்பு வார்டுல இருக்கிறவங்களுக்கும் வணக்கம். நான் சொல்லச் சொல்ல மக டைப் பண்றா. தப்பு இருந்தா அவளைக் கேளுங்க.

முந்தா வருஷம் ஜூன் 14 மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு போட்டுங்க கடலுக்குப் போய்த் திரும்பின வாரம், ஐஸ் தண்ணியில வழுக்கி வலது கையை ஊணி விழுந்தேன். முன்கையில ரெண்டு எலும்பும் போச்சு. ஆபரேஷனுக்குப் பயந்து மூங்கில் பத்தை வச்சுக் கட்டிக்கிட்டேன். வலி குறைஞ்சதும் நானே அவுத்தும் போட்டேன். ஒம்பது மாசம் கழிச்சுப் பாத்தா, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல புதுசா ஒரு மூட்டு முளைச்ச மாதிரி கை ஆடுது. எலும்பு சேரவே இல்ல.

திட்டித் திட்டி என்னை ஸ்டான்லிக்கு இழுத்துட்டுப் போன ஐஸ் வண்டித் தம்பிக்குத்தான் மொத நன்றி. அங்க ஒரு சின்ன டாக்டரம்மா ரெண்டு பேனாவைக் கையில வச்சுக் காட்டுனாங்க: ஒண்ணு இன்னொண்ணு மேல உருண்டாதான் உள்ளங்கை திரும்பும், கோணலா சேந்தா சேந்தும் பிரயோஜனம் இல்ல. சேராத முனையைச் சீவி, இடுப்புல இருந்து எலும்பு எடுத்து வச்சு, ரெண்டுக்கும் தனித்தனி பிளேட் போட்டாங்க. தெனம் வஞ்சிரம் நறுக்கறவ நான், எனக்கே நடுங்கிச்சு. கையை விட இடுப்புதான் ரொம்ப நாள் வலிச்சுது, அதை யாரும் முன்னாடியே சொல்லல!

ஆபரேஷனுக்கு முன்னாடியே, ரத்தத்துல சக்கரை குறைஞ்சாதான் கத்தி வைப்போம்னு சொல்லிட்டாங்க. நான் கத்தக் கத்த சக்கரை போடாத டீயே குடுத்த டீக்கடை அண்ணே, உங்களை மறக்க மாட்டேன்.

எலும்பு கூடின பிறகும் சோத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியல, சில்லறையை ஏந்த முடியல. பிசியோ தம்பி முழங்கையை இடுப்போட ஒட்டவச்சு, கையில சுத்தியலைக் குடுத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு சாய்க்கச் சொல்லுவாரு. அழுதிருக்கேன். விடல அவரு.

இத்தனை மாசமும் என் அருவாமனை எடத்தை ஒருத்தரையும் ஒக்கார விடாம காத்து, அன்னன்னிக்கு ஓடுனதுல ஒரு பங்கை என் மககிட்ட குடுத்த இரால் கடை அக்காவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

பிளேட் உள்ளயே இருக்கு. அவசரப்பட்டுக் கழட்டுனா ஸ்குரூ ஓட்டையிலயே திரும்ப உடையலாமாம். இருந்துட்டுப் போகட்டும்.

விடியக்காலை 4 மணிக்கே பழைய எடத்துல இருக்கேன். மேல சொன்னவங்க யாரும் மீன் வெட்டக் காசு நீட்டாதீங்க, கோபம் வரும்.