பெரிய சிஸ்டரை வழியனுப்பியவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். 2022 மே 31 அன்று அம்மா, உங்கள் பெரிய சிஸ்டர், அரசு மருத்துவமனை நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அன்று இரவே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. மறுநாள் எனக்கு நைட் டியூட்டி, அப்புறம் தூக்கம், அப்புறம் வெறும் சோம்பல். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கணக்குப்படி அம்மா 2020 மே மாதமே வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவர். 58 முடிய சில வாரம் இருக்கும்போது ஓய்வு வயதை 59 ஆக்கி அரசாணை வந்தது, அடுத்த வருடம் அதையே 60 ஆக்கினார்கள். "கடைசியில எனக்கு மறுபடி பிராக்டிகல் பரீட்சை வச்சுட்டாங்கடி" என்று சிரித்தார். நானும் நர்ஸாகத் தொகுப்பூதியத்தில் அதே மருத்துவமனையில் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த நீட்டிப்பு வந்திருக்காவிட்டால் அம்மாவோடு சேர்ந்து வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

முதல் நன்றி மேல் மாடி ஆண்கள் வார்டில் படுத்திருந்த ஒரு தாத்தாவுக்கு, அவர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ. சேர்ந்த முதல் மாதம், அவருக்கு டிரிப் போட நரம்பு கிடைக்கவே இல்லை, இரண்டு தடவை குத்திவிட்டேன், கை வீங்கிவிட்டது, எனக்கு அழுகை. பக்கத்து வார்டிலிருந்து அம்மா வந்தார். ஊசியை என் கையிலிருந்து வாங்கிப் போட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன், வாங்கவில்லை. மற்றக் கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போடச் சொன்னார், வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினார், கிளவுஸை முழங்கைக்கு மேலே இழுத்துக் கட்டிவிட்டு, "கண்ணால தேடாத, விரலால தேடு" என்றார். தாத்தாதான் என்னைத் தேற்றினார்: "போடு தாயி, இந்தக் கை எங்கயும் ஓடிறாது." கிடைத்தது. அன்றைக்கு அவர் வேறு சிஸ்டரைக் கூப்பிடச் சொல்லியிருந்தால் நான் அந்த வாரமே வேலையை விட்டிருப்பேன்.

வார்டில் அம்மாவை அம்மா என்று கூப்பிடக்கூடாது, அது அவர் போட்ட சட்டம். அதனால் நோயாளிகளே எங்களைப் பெரிய சிஸ்டர், சின்ன சிஸ்டர் ஆக்கிவிட்டார்கள். என் கேஸ் ஷீட்டில் நேரம் எழுத விட்டுப்போனால் எல்லார் முன்னாலும் பெரிய சிஸ்டரிடம் திட்டு விழும், வீட்டுக்கு வந்தால் அதே வாய் "சாப்ட்டியாடி" என்று கேட்கும். (இரண்டாவதுக்கு நான் பதில் சொல்லாத நாட்களும் உண்டு.)

கொரோனாவில் எனக்கு ஏழு நாள் வார்டு, ஏழு நாள் தனிமை. சர்க்கரை இருந்ததால் அம்மாவைப் பிரசவ வார்டில் போட்டார்கள். ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தும் மூன்று வாரம் முகம் பார்க்கவில்லை. அப்போது அம்மா கொடுத்தனுப்பிய மிளகு ரசத்தை ஃபிளாஸ்க்கோடு தினமும் கொண்டுவந்து படிக்கட்டில் வைத்துவிட்டுப் போன ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றும் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது? ஒருநாள்கூட மறக்கவில்லை. பிபிஇ கிட்டைக் கழற்றி, குளித்து, ஆறு மணி நேரமாகத் தண்ணீர் படாத தொண்டையில் அந்த ரசம் இறங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

எங்கள் இருவருக்கும் ஒரே இரவில் நைட் விழாமல் டியூட்டி லிஸ்ட் போட்ட சூப்பிரண்டு மேடம், பாட்டிக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்த எதிர்வீட்டு அத்தை, நான் குழந்தையாக இருந்தபோது டியூட்டி ரூம் பெஞ்சில் என்னைத் தூங்க வைத்து, பிறகு நானே யூனிஃபார்மில் வந்து நின்றதும் "யாரு பிள்ளைன்னு தெரியுதா" என்று வார்டு வார்டாகக் காட்டிய ஆயாம்மா, உங்கள் எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. பிரிவு உபசாரத்துக்கு யாரோ புளியோதரை கொண்டுவந்த தூக்குவாளி எங்கள் வீட்டில் இருக்கிறது, மூடியில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு. யாருடையது என்று சொல்லுங்கள். வெறும் வாளியாகத் திருப்பித் தர மாட்டேன் என்று அம்மா அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.