88-க்கும் 92-க்கும் நடுவே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வார்டுக்கு மாற்றி நான்கு நாள் ஆகிறது. கட்டிலில் சாய்ந்தபடி, நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் திரையில் என் இரத்த ஆக்சிஜன் அளவு 89 சதவீதம் என்று ஓடியதை வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, ஆக்சிஜனை ஏன் கூட்டவில்லை என்று செவிலியரிடம் நீ கோபப்பட்டதாக அம்மா சொன்னாள். உன் பதற்றம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் செய்ததே சரி.

எனக்கிருக்கும் சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. சுருங்கிய குழாய்கள் வழியே காற்று முழுதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு வந்துவிடுவதால், பழைய காற்று நெஞ்சிலேயே தேங்கி, கரியமில வாயு இரத்தத்தில் ஏறுகிறது. அந்த நேரத்தில் ஆக்சிஜனை அளவின்றிக் கொடுத்தால் அந்த வாயு இன்னும் ஏறி, நினைவே தப்பிவிடலாம். அதனால்தான் ஆக்சிஜன் அளவை 88-க்கும் 92-க்கும் நடுவே நிறுத்தி வைக்கிறார்கள்.

கொண்டுபோனபோது என் இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் 7.26; அது 7.35-க்குக் கீழே போனாலே அமிலம் மிகுந்துவிட்டது என்று பொருளாம். உடனே பைபாப் முகமூடி, அதாவது இயந்திரத்தால் காற்றை அழுத்தித் தள்ளி மூச்சுக்கு உதவும் முகமூடி, வைத்தார்கள். மூச்சுக்குத் தவிப்பவன் முகத்தை மூடினால் எப்படி இருக்கும்? நான் பிடுங்கி எறியப் பார்த்தேன். நீ கோபப்பட்ட அதே செவிலியர்தான் பட்டையை மாட்டாமல், முகமூடியைத் தன் கையாலேயே என் முகத்தில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, "இயந்திரம் தள்ளும்போது எதிர்க்காதீர்கள் ஐயா, மெதுவாக விடுங்கள்" என்று என் மூச்சோடு சேர்ந்து எண்ணினார். ஒரு மணி நேரம் கழித்து மணிக்கட்டுத் தமனியிலிருந்து மீண்டும் இரத்தம் எடுத்தபோது பிஎச் 7.31-க்கு ஏறியிருந்தது. மூக்குத்தண்டில் முகமூடி அழுத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. நெபுலைசர், ஐந்து நாள் ஸ்டீராய்டு, சளி பச்சையாக இருந்ததால் ஆன்டிபயாட்டிக் எல்லாம் கூடவே நடந்தன.

முகமூடி பலனளிக்காமல் போயிருந்தால் தொண்டைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்திருப்பார்கள். அடுத்த முறை அந்த நிலை வரலாம். அப்போது என்னால் பேச முடியாது, உன்னைத்தான் கேட்பார்கள். கிருமித்தொற்று போலச் சரிசெய்யக்கூடிய காரணம் இருந்தால் குழாய்க்குச் சம்மதம் கொடு. நாட்கள் பல கடந்தும் இயந்திரத்திலிருந்து விடுபட முடியவில்லை, இனியும் முடியாது என்று மருத்துவர்கள் சொன்னால், கழுத்தில் துளையிட்டு நீட்டிக்க வேண்டாம். மூச்சுத்திணறல் தெரியாதபடி மருந்து கொடுத்தால் போதும். அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டேன், அழுதாள்; மறுக்கவில்லை.

நீ வரும்போது மூவருமாக மருத்துவரைப் பார்த்து, இதை என் கோப்பில் எழுதச் சொல்வோம். அந்தச் செவிலியரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடு, கண்ணு.

அன்புடன்,
அப்பா