வேகம் ஏற்றச் சொன்னீர்கள், இறக்கும் வழி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டெஸ்க்டாப்பில் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன்பே வரும் அடிப்படை செட்டிங்ஸ் பகுதி) போய், கணக்குப் போடும் மூளையான பிராசசரின் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்று உங்கள் கணினிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். தப்பில்லை, ஏற்றலாம். ஆனால் ஏற்றிய பிறகு திரையே வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. கிருஷ்ணகிரியில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், அந்த விட்டுப்போன வரி என் மேசைக்குத்தான் வந்து சேருகிறது. "அண்ணா, போர்டு போயிடுச்சு" என்று பையன்கள் சிபியு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

பெரும்பாலும் போர்டு, அதாவது பாகங்கள் எல்லாம் மாட்டியிருக்கும் மதர்போர்டு, போயிருக்காது. கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். இதற்கென்றே ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி) இருக்கும் போர்டுகளில் வேலை இன்னும் சுலபம்.

சரி, திரை வருகிறது, ஆனால் விண்டோஸ் ஏறும்போது நீலத்திரை அடித்து ரீஸ்டார்ட் ஆகிறது என்றால்? எல்லோரும் பிராசசரைத்தான் திட்டுகிறார்கள், எனக்கு முதலில் ராம் (தற்காலிக நினைவகம்) மேல்தான் சந்தேகம் வரும். இன்டெலின் கோர் 2 டூவோ இ7500 பிராசசர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் போர்டு தரும் அடிப்படைத் துடிப்பான 266 மெகாஹெர்ட்ஸை 11ஆல் பெருக்கித்தான் 2.93 கிகாஹெர்ட்ஸ் வருகிறது, அந்த 11ஐ மேலே ஏற்ற முடியாது, அதனால் 266ஐ 300 ஆக்குகிறோம், பிராசசர் 3.3க்குப் போகிறது. ராமின் வேகமும் அதே துடிப்பை ஒட்டியதுதான் என்பதால், கூடவே 800இல் ஓடிக்கொண்டிருந்த டிடிஆர்2 ராமும் சத்தமில்லாமல் 900க்கு ஏறிவிடுகிறது, சாதா ராம் அதைத் தாங்குவது சந்தேகம். பயாஸில் ராமை 667க்கு இறக்கி வைத்துவிட்டு 300 போட்டால் அது 750இல் நிம்மதியாக ஓடும். அப்புறம் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ புரோகிராமை ஒரு ராத்திரி ஓட விடுங்கள், ஒரு எரர்கூட வரக்கூடாது.

அடுத்தது சூடு. ஏற்றிய வேகம் நிலையாக நிற்கவில்லை என்றதும் வோல்டேஜைக் கூட்டுவதுதான் நம் ஆட்களின் பழக்கம். வோல்டேஜை 10 சதவீதம் கூட்டினாலே பிராசசர் தின்னும் மின்சாரம் ஏறக்குறைய 21 சதவீதம் கூடும், அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும். இந்த ஊர் சித்திரை வெயிலில் மின்விசிறிக் காற்றே அனலாக வீசும்போது அந்தச் சின்ன ஃபேன் என்ன செய்யும்? பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைகளை ஒட்டிய வீடுகளில் இருந்து வரும் சிபியுக்களைத் திறந்தால் பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் உலோகத்தின் இடுக்கு முழுக்க வெள்ளைப் புழுதி, அடியில் சூட்டைக் கடத்தப் பூசிய பேஸ்ட் காய்ந்து உதிர்கிறது. இன்டெல் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று சரியாக மாட்டாமல் இருந்தாலும் போதும், சூட்டைத் தாங்க பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏற்றியதற்கு அர்த்தமே இல்லை. பயாஸைத் தொடும் முன்னால் தூசியைத் தட்டி, புது பேஸ்ட் வையுங்கள். போர்டில் நிற்கும் சின்ன உருளைகளான கெப்பாசிட்டர்களின் தலை வீங்கியிருந்தால் அந்த ஆசையை அன்றே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் வாங்கி வந்துவிட்டு பயாஸில் வேகம் ஏற்றும் மெனுவே காணோம் என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் அலுவலகங்களுக்கென்று செய்து தரும் மாடல்களில் பொதுவாக அந்த வசதியே கிடையாது. அவர்களுக்கு என் யோசனை, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள், 2.93ஐ 3.3 ஆக்குவதைவிட அதில்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்த முறை இதுபோல எழுதும்போது, பேட்டரியைக் கழற்றும் அந்த வழியை முதல் பத்தியிலேயே போட்டுவிடுங்கள். எனக்கு வருமானம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி