கார்ல்சன் உங்கள் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தபோது

பிட்ஸ்பர்க்
ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றதைப் படித்தேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்லு. என் அப்பாவுக்கு நாங்கள் அதில் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டோம், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. தங்கச்சிக்குப் புது வேலை பிடித்திருக்கிறதா? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

இங்கே எல்லோரும் நலம். மகளுக்குப் பதின்மூன்று முடிந்தது. சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஐஸ் ஹாக்கி ரிங்கில் இருக்க வேண்டும், நான்தான் காரோட்டி. இந்த வருடத்திலிருந்து அவளை டிஃபென்ஸில், அதாவது கோலைக் காக்கும் பின்வரிசையில், ஆட வைத்திருக்கிறார்கள். அதனால் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே டிஃபென்ஸ்மேன்களைப் பற்றித்தான்.

சரி, உங்கள் ஊர் சான் ஹோசே ஷார்க்ஸ் அணியைப் பற்றி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "இளம் பையன்கள் செலிபிரினி வந்தாச்சு, மிசாவும் வந்தாச்சு, கையில் பணமும் இருக்கிறது. பெரிய பெயருள்ள ஒரு டிஃபென்ஸ்மேனை ட்ரேடில் எடுத்தால் ஷார்க்ஸ் அடுத்த வருடமே ப்ளே ஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்கான சுற்று) போய்விடும்" என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை மூன்று முறை படித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் உன்னிடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

2023 ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை. பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலில் தரிசனம் முடித்து, கீழே புளியோதரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது உன் செய்தி வந்தது: "எங்க ஆளை எடுத்துட்டீங்களே." எங்கள் பெங்குவின்ஸ் எடுத்த அந்த ஆள், ஷார்க்ஸின் டிஃபென்ஸ்மேன் எரிக் கார்ல்சன்! அதற்கு முந்தைய சீசனில் 25 கோல், 76 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்), மொத்தம் 101 பாயின்ட். 1992-க்குப் பிறகு நூறைத் தொட்ட டிஃபென்ஸ்மேனே கிடையாது. சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையையும் மூன்றாவது முறையாக வாங்கியிருந்தார். அந்த வசந்தத்தில்தான் நாங்கள் லீக் பட்டியலில் ஒரே ஒரு பாயின்ட்டில் ப்ளே ஆஃபைக் கோட்டைவிட்டிருந்தோம், பதினாறு வருடத் தொடர்ச்சி அறுந்திருந்தது. எங்கள் கேப்டன் கிராஸ்பிக்கு அன்றைக்கு மறுநாள் 36-வது பிறந்தநாள். அவருக்கு இன்னொரு ஸ்டான்லி கப் (லீக் சாம்பியன் கோப்பை) வாங்கிக் கொடுக்க இதைவிட வேறு வழியே இல்லை என்று நான் மனதார நம்பினேன்.

எங்களுக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது, கார்ல்சனுடைய உடம்பு. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. 2013-ல், அப்போது எங்கள் அணியில் இருந்த மாட் குக்கின் ஸ்கேட் பட்டு கார்ல்சனின் குதிகால் தசைநார் வெட்டுப்பட்டது. பத்து வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். 2017-ல் காலில் எலும்பு விரிசலோடு, அப்போது தான் ஆடிய ஒட்டாவா அணியை கான்ஃபரன்ஸ் இறுதி வரை இழுத்து வந்து, ஏழாவது ஆட்டத்தின் இரண்டாவது ஓவர்டைமில் எங்களிடம்தான் தோற்றார். அப்புறம் உங்கள் ஊருக்கு வந்து முதல் நான்கு சீசனில் ஆடியது 53, 56, 52, 50 ஆட்டங்கள். 33 வயது, இன்னும் நான்கு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 115 லட்சம் டாலர். அதில் ஷார்க்ஸ் 15 லட்சத்தைத் தாங்களே ஏற்றுக்கொண்டதால் எங்கள் கணக்கில் ஒரு கோடி.

ஆனால் பயந்தது எதுவும் நடக்கவில்லை. இங்கே வந்து இரண்டு சீசனிலும் 82 ஆட்டங்களும் ஆடினார். உங்கள் ஊரில் கடைசி சீசனையும் சேர்த்தால் 246-க்கு 246. பாயின்ட் மட்டும் 101-லிருந்து 56, பிறகு 53. அதுவும் ஒரு டிஃபென்ஸ்மேனுக்கு நல்ல எண்ணிக்கைதான். அப்படியிருந்தும் முதல் வருடம் அணிக்கு மூன்று பாயின்ட்டில் ப்ளே ஆஃப் கைநழுவிப் போனது, இரண்டாவது வருடம் அருகில்கூட வரவில்லை.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன் மாப்ளே. எங்களிடம் ஏற்கெனவே லெடாங் என்ற டிஃபென்ஸ்மேன் இருந்தார். அவரும் வலது கைக்காரர், அவரும் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) தூக்கிக்கொண்டு முன்னே போகிறவர், எதிரணியில் ஓர் ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் பவர் ப்ளேயை நீலக்கோட்டிலிருந்து நடத்துகிறவர். கார்ல்சனும் அதே வேலைக்காரர். பவர் ப்ளே இன்னும் பயங்கரமாகிவிடும் என்று நினைத்தோம், அந்த வருடம் அது லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. அணிக்குத் தேவைப்பட்டது இளம் கால்கள். கோல் முன்னால் நின்று ஆளைத் தள்ளி நகர்த்துகிற ஒருவர், மூன்றாவது வரிசையில் ஓடக்கூடிய இரண்டு பேர். அவர்களுக்குப் போக வேண்டிய ஒரு கோடி, எங்களிடம் இருந்த ஒன்றையே இன்னொன்றாக வாங்கப் போனது. குறை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், சந்தையில் இருப்பதிலேயே நல்லது எது என்று பார்த்தோம். அதுதான் நாங்கள் பயப்படாத ஆபத்து.

இப்போது உன் ஊர்க் கணக்கைப் பார். 2018-ல் அவரை ஒட்டாவாவிலிருந்து எடுத்தபோது கொடுத்தவற்றில் ஒன்று ஷார்க்ஸின் முதல் ரவுண்டு டிராஃப்ட் பிக், அதாவது புது இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் முறை; மோசமாக ஆடிய அணிக்குத்தான் முன்வரிசை இடம் கிடைக்கும். அப்போது அணி வலுவாக இருந்ததால் அது கடைசிப் பக்கம்தான் விழும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2019–20-ல் அணி சரிந்தது. அந்த பிக் மூன்றாம் இடத்தில் விழுந்து, ஒட்டாவாவுக்கு டிம் ஸ்டுட்ஸ்லே என்ற இளம் ஆட்டக்காரர் கிடைத்தார். அதே சமயத்தில் கார்ல்சன், பர்ன்ஸ், விலாசிக் என்ற மூன்று டிஃபென்ஸ்மேன்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு 265 லட்சம். ஓர் அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பான மொத்த சாலரி கேப்பே 815 லட்சம். மூன்று பேர் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் மற்ற இருபது பேருக்கு என்ன மிஞ்சும்? விலாசிக்கின் ஒப்பந்தத்தை இந்த ஜூனில்தான் பணம் கொடுத்து முடித்தார்கள்.

அதற்காக மூத்த ஆளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பர்ன்ஸையே எடுத்துக்கொள். 37 வயதில் கரோலினாவுக்குப் போனார். சம்பளத்தில் 34 சதவீதத்தை ஷார்க்ஸ் சுமந்தது. மூன்று வருடம் ஒரு ஆட்டம் தவறவில்லை. ஸ்லேவின் மாதிரி ஒருவர் பக்கத்தில் நின்று பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டதால் இவர் துணிந்து முன்னே போக முடிந்தது. சேத் ஜோன்ஸும் அப்படித்தான். சிகாகோவில் 95 லட்சம் சம்பளத்தோடு மொத்தப் பாரமும் அவர் தலையில் இருந்தது. இந்த மார்ச்சில் ஃப்ளோரிடாவுக்குப் போனார், சிகாகோ வருடத்துக்கு 25 லட்சத்தை ஏற்றுக்கொண்டது, ஜூனில் கையில் ஸ்டான்லி கப். ஆள் மாறவில்லை. அவருக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் மாறினார்கள்.

ஒன்றில் மட்டும் உன் பக்கம் வருகிறேன். கார்ல்சனை எடுத்த வருடம் கேப் 835 லட்சம், அவருடைய ஒரு கோடி அதில் 12 சதவீதம். வரும் சீசனில் கேப் 955 லட்சம், அதற்கடுத்த வருடம் 1,040 லட்சம். அதே ஒரு கோடி அப்போது பத்து சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். ஆகவே, பழைய ஒப்பந்தங்கள் முன்பு மாதிரி கழுத்தை நெரிக்காது என்று நீ சொன்னது சரிதான். ஆனால் பணம் லேசாகிறதே தவிர கொடுத்த டிராஃப்ட் பிக் திரும்பி வராது. கார்ல்சனுக்காக உங்களுக்குக் கொடுத்த எங்கள் 2024 முதல் ரவுண்டு பிக் 14-ம் இடத்தில் விழுந்தது. அதையும் இன்னொன்றையும் பஃபலோவுக்குக் கொடுத்து 11-ம் இடத்துக்கு ஏறி உன் ஆட்கள் எடுத்த பையன்தான் சாம் டிக்கின்சன். அவன் ஒரு டிஃபென்ஸ்மேன்! அவனுக்கு ஆட இடம் கிடைக்கும் நேரத்தில் நீயே இன்னொரு கார்ல்சனைக் கேட்கிறாய்.

ஒர்லோவ் என்ற மூத்த டிஃபென்ஸ்மேனை இரண்டே வருடத்துக்கு, எதையும் விட்டுக்கொடுக்காமல் கூட்டி வந்தார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், போகும்போது எந்தச் சுமையையும் விட்டுவிட்டுப் போகமாட்டார். இன்னொரு வருடம் பொறு. யாராவது பெரிய பெயரை நீட்டினால் அவருக்கு எத்தனை வருடம் பாக்கி, விற்கிறவர்கள் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பதைப் பார். அவருடைய சம்மதம் இல்லாமல் பிறகு நகர்த்த முடியாதபடி ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்கிறதா என்பதையும் பார். கார்ல்சனுக்கு அந்த ஷரத்து இருக்கிறது. இப்போது அவரை அனுப்ப நினைத்தாலும் அவர் தலையசைத்தால்தான் ஆகும். இதற்கெல்லாம் முன்னால், அவர் செலிபிரினிக்கு எதைத் தருவார், டிக்கின்சனிடமிருந்து எதை எடுப்பார் என்று யோசி.

இவ்வளவு எழுதிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். போன குளிர்காலத்தில் கண்ணாடிக்கு நான்காவது வரிசையில் டிக்கெட் கிடைத்தது, மகளைக் கூட்டிப் போனேன். எங்கள் மூலையில் பக் பலகையில் மோதி உருண்டு வந்தது. கார்ல்சன் அதை எடுக்கப் போகும்போதே இடது தோளுக்கு மேல் ஒரு முறை, வலது தோளுக்கு மேல் ஒரு முறை பார்த்தார். இரண்டு பேர் துரத்தி வருகிறார்கள். ஸ்டிக்கில் பக் பட்ட அடுத்த நொடியே அது அந்த இருவருக்கும் நடுவே போய், நடு ஐஸில் ஓடிக்கொண்டிருந்த கிராஸ்பியின் ஸ்டிக்கில் போய் உட்கார்ந்தது. ஸ்கேட் பனியைச் சீய்க்கும் சத்தம்கூட அவரிடம் குறைவாகத்தான் கேட்டது. "அப்பா, பக் வர்றதுக்கு முன்னாடியே அவர் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துட்டார்" என்றாள். மறுநாள் காலைப் பயிற்சியில் இவளும் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே பக்கை எடுத்தாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபியோடு நின்றிருந்தேன், கண் கலங்கிவிட்டது. அந்த ட்ரேடை இன்று கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த மனிதர் எங்கள் ஊரில் ஆடியதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

ஷார்க்ஸ் இங்கே ஆட வரும்போது நீயும் வா. தனியாக வராதே, தங்கச்சியையும் அம்மாவையும் கூட்டி வா. அம்மாவுக்கு வெங்கடேஸ்வரா கோயிலைக் காட்ட வேண்டும் என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தேதியைப் பார்த்து எழுது, டிக்கெட்டை நான் எடுத்து வைக்கிறேன். மகளுக்கு டிக்கின்சனைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமாம்.

உன்
பழைய ரூம்மேட்