மாசி மாதிரி நினைத்துக்கொள்

பாம்பன்

அன்புள்ள தம்பிக்கு,

ஆஸ்திரேலியாவில் ரொட்டிக்குத் தடவுகிற கறுப்பு ஈஸ்ட் பசையான வெஜிமைட்டைக் "கருகின கருவாட்டுச் சாந்து" என்று எழுதியிருந்தாய். கூடவே அனுப்பின படத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கருப்பட்டிப் பாகு ஊற்றுகிற கணக்கில் ரொட்டி மேல் அப்பி வைத்திருக்கிறாய். அந்த அளவுக்கு மாசித்தூளை (காய்ந்த சூரை மீன் தூளை) வாயில் அள்ளிப் போட்டால் கீழக்கரைக்காரரும் துப்பத்தான் செய்வார். சம்பலுக்கு மாசி எப்படியோ, ரொட்டிக்கு அது அப்படி.

பீர் காய்ச்சி முடிந்ததும் தொட்டியின் அடியில் ஈஸ்ட் மண்டி தங்கும். கள்ளுப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த இனம்தான். அதில் உப்பைப் போட்டு மிதமான சூட்டில் வைத்தால் ஈஸ்ட் செத்து, தன்னிடம் உள்ள நொதிகளாலேயே தன்னைச் செரித்துக்கொள்ளும். புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகும்; அதில் ருசி கூட்டுகிற குளுட்டமேட் நிறைய. தோலைப் பிரித்தெடுத்துவிட்டு, மிஞ்சின சாற்றை வற்ற வைத்தால் இந்தக் கறுப்புப் பசை வரும்.

1902-ல் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் இதே இனத்துப் பசையான மார்மைட் தொடங்கியது. அங்கே பீர் ஆலைகள் பக்கத்திலேயே இருந்ததால் மண்டிக்குப் பஞ்சமில்லை. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியாவுக்குச் சரக்கு வருவது தடைப்பட்டது. பிறகு மெல்போர்னில் சிரில் காலிஸ்டர் என்பவர் உள்ளூர் மண்டியை வைத்து ஒன்றைச் செய்தார். 1923-ல் கடைக்கு வந்த அதுதான் வெஜிமைட். ஆக, நீ இருக்கிற ஊரின் சொந்தச் சரக்கையே நீ திட்டிக்கொண்டிருக்கிறாய்.

இங்கிலாந்து மார்மைட் பாகு மாதிரி பளபளப்பாக, கம்பி இழுக்கும். வெஜிமைட் கெட்டி, பளபளப்பு கம்மி, கசப்பு கூட. நியூசிலாந்து மார்மைட் இரண்டிலும் சேராது, அதில் இனிப்பு தட்டும். உங்கள் ஊர்க் கடையில் மார்மைட் என்று பேர் போட்டிருந்தால் அது நியூசிலாந்துச் சரக்காகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே அந்தப் பேருக்கு உரிமை வேறு கம்பெனியிடம் இருக்கிறது. இங்கிலாந்துச் சரக்கை 'அவர் மேட்' என்ற பேரில் விற்றார்கள். முதன்முதலாகப் பழகுகிறவனுக்கு மார்மைட்தான் சுலபம். ஆனால் வாங்கினதை வீணாக்காதே, வெஜிமைட்டிலேயே ஆரம்பி.

ரொட்டியை நன்றாக மொறுமொறுப்பாகச் சுடு. மெத்தென்ற ரொட்டியில் பசை ஒட்டிக்கொண்டு கத்தியோடு பிய்ந்து வரும். சூடு ஆறுவதற்குள் உப்பில்லாத வெண்ணெயை ஓரம் வரைக்கும் தடவு, உருகி இறங்கட்டும். அதன் மேல் பசை கால் டீஸ்பூன், பட்டாணி அளவுதான். கத்தியைப் படுக்க வைத்து இழு. அங்கங்கே ரொட்டியின் நிறம் தெரிய வேண்டும். முழுக்கக் கறுத்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். வெண்ணெய் இல்லாமல் தடவினால் உப்பும் கசப்பும் நேரே நாக்கில் போய் உட்காரும். நடுவில் கொழுப்பு இருந்தால் ருசி மெல்ல மெல்ல இறங்கும். பத்துப் பேர் பிடிக்கவில்லை என்றால் அதில் ஒன்பது பேர் வெண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணினவர்களாக இருப்பார்கள் என்பது என் கணக்கு.

உப்பு எக்கச்சக்கம் என்று பயப்படுகிறாய். நூறு கிராம் வெஜிமைட்டில் உப்பு எட்டு கிராம் சொச்சம். ஐந்து கிராம் பசைக்கு அரை கிராம் கூட வராது. நீ தின்கிற ஒரு துண்டு ரொட்டிக்குள்ளேயே ஏறக்குறைய அவ்வளவு உப்பு இருக்கிறது, மாவுக்குள் மறைந்திருப்பதால் நாக்குக்குத் தெரிவதில்லை.

கருவாடு வறுத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுதினாயே, அதற்கும் இந்தப் பசையே வழி. கத்தரிக்காய் முருங்கைக்காய் போட்ட புளிக்குழம்பு நாலு பேருக்கு வை: எலுமிச்சை அளவு புளி, உனக்குத் தெரிந்த அளவில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும். புளியின் பச்சை வாடை போய் எண்ணெய் மேலே மிதந்ததும் அடுப்பை அணை. அரை டீஸ்பூன் பசையை இரண்டு கரண்டி வெந்நீரில் கரைத்து ஊற்று. கரைக்காமல் போட்டால் கட்டியாக அடியில் போய் ஒட்டிக் கருகிக் கசக்கும். தாளிக்கிற எண்ணெயில் போட்டாலும் அதே கதிதான். கருவாட்டுக் குழம்புக்குச் செய்கிற மாதிரி உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடு. கருவாட்டு மணம் வராது; அடி நாக்கில் நிற்கிற கனம் மட்டும் வரும். வத்தக்குழம்பில் மட்டும் வெஜிமைட் வேண்டாம். சுண்டைவத்தல், வெந்தயம், இந்தப் பசை மூன்றும் சேர்ந்தால் கஷாயம்தான். ரசத்துக்கும் அது ஒத்துவராது, ஈஸ்ட் வாடை மேலே வந்து நிற்கும்.

தேங்காய்ச் சம்பலுக்கு நன்றாகச் சேரும். துருவின தேங்காய் ஒரு கப், சின்ன வெங்காயம் ஐந்து, வரமிளகாய் நாலு. அரை டீஸ்பூன் பசையை முதலில் எலுமிச்சைச் சாற்றில் குழைத்துக்கொண்டு, பிறகு மற்றதோடு சேர்த்து இடி. கையில் மாசி கொஞ்சம் இருந்தால் அதையும் சேர். மாசியில் இனோசினேட் என்ற ருசிப் பொருள், பசையில் குளுட்டமேட். இரண்டும் ஒன்றுகூடினால் ருசி கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். அதனால் அப்போது பசையைக் கால் டீஸ்பூனாகக் குறைத்துவிடு.

காய்ச்சல் நேரத்தில் அரிசிக் கஞ்சிக்கு ஒரு கிண்ணத்துக்குக் கால் டீஸ்பூன் போதும். சும்மா குடிக்க வேண்டுமென்றால் ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் கரைத்து, மிளகும் எலுமிச்சையும் போடு. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைச் சமையலறைகளில் மார்மைட் பாட்டில் சாதாரணமாக இருக்கும், அங்கே இப்படிக் குடிப்பதும் உண்டு. தோசைக்கு என்றால் கல்லிலிருந்து எடுக்கப் போகும்போது உள்பக்கம் நெய்யோடு தடவு. ஆப்பத்துக்கு வேண்டாம், தேங்காய்ப்பாலின் இனிப்போடு மல்லுக்கு நிற்கும்.

சத்து இருக்கிறதா என்றால், இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டரம்மா பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வந்த ரத்தசோகையை ஆராய்ந்து, மார்மைட் கொடுத்தால் குணமாகிறது என்று 1931-ல் எழுதினார். அதற்குக் காரணமான சத்துக்குப் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பேர் வந்தது. பி12 விஷயத்தில் மட்டும் ஏமாறாதே. அது ஈஸ்டிலிருந்து வராது, கம்பெனிக்காரர்கள் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. மார்மைட்டில் சேர்க்கிறார்கள், சாதாரண வெஜிமைட்டில் இல்லை. உன்னோடு தங்கியிருக்கிற பையன் கறி மீன் தொடாதவன் என்றாயே, லேபிளைப் படித்து வாங்கச் சொல். பார்லி கலந்தது என்பதால் குளூட்டன் ஆகாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. மன அழுத்தத்துக்கு எம்.ஏ.ஓ.ஐ வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே கூடாது. பசையில் உள்ள டைரமின் என்ற பொருள் அந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறிவிடும்.

பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்காதே, இறுகிவிடும். அலமாரியில் இருந்தாலே உப்பு அதைக் காக்கும். வெண்ணெய்க் கத்தியை மட்டும் அதற்குள் விடாதே, ரொட்டித் தூளும் வெண்ணெயும் விழுந்தால் பூசணம் பிடிக்கும். அடியில் வழிக்க வராமல் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் குழம்பில் சேர்த்துவிடு.

ஊருக்கு வரும்போது ஒரு பாட்டில் கொண்டுவா, சின்னதாக. கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் சேர்த்துப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். துணிக்கு நடுவில் சுற்றிப் பெரிய பெட்டியில் போடு. திரும்பிப் போகும்போது அரைக்கிலோ மாசி தருகிறேன். மெல்போர்னில் இறங்கினதும் பயணிகள் நிரப்புகிற அட்டையில் மீன் என்று மறைக்காமல் எழுதிக் காட்டிவிடு, இல்லாவிட்டால் அபராதம் போடுவார்கள்.

அன்புடன்,
அம்மா