முரளிக்கு, 'ரூமர்ஸ்' பற்றி

அன்புள்ள முரளி,

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, கைத்தடி இல்லாமலே நடக்கிறாய் என்று உன் கடிதத்தில் படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பியானோ கற்றுக்கொள்கிறாள். வீட்டில் எந்நேரமும் அந்தச் சத்தம்தான், எனக்கு அதில் சந்தோஷமே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரிவைப் பாடிய ராக் ஆல்பங்களில் பாப் டிலனின் 'பிளட் ஆன் த ட்ராக்ஸ்' ஆல்பத்தை மிஞ்ச எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறாய். 1975-ல் வந்த அந்த ஆல்பத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. நியூயார்க்கில் பதிவு முடிந்த பிறகும் மனம் ஆறாமல், பத்துப் பாட்டில் ஐந்தை மினியாபொலிஸில் மறுபடி பதிவு செய்தாரே, அந்தப் பிடிவாதமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் பேசுவது ஒருவர் மட்டுமே. பிரிந்து போனவள் என்ன நினைத்தாள் என்பதைக்கூட அவர் வாயால்தான் கேட்கிறோம்.

1977-ல் வந்த ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழுவின் 'ரூமர்ஸ்' ஆல்பம் அப்படி இல்லை. குழுவுக்குள்ளேயே காதலர்களாக இருந்து பிரிந்தவர்கள் லிண்ட்சி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும். 'கோ யுவர் ஓன் வே' பாட்டில் லிண்ட்சி குற்றம் சாட்டுவது ஸ்டீவியை. பின்னணியில் சேர்ந்து பாடுவதும் அதே ஸ்டீவி! ஸ்டீவியின் பதில் 'ட்ரீம்ஸ்' பாட்டு. அதற்கு கிதார் வாசிப்பவர் லிண்ட்சி. இரண்டு பக்க நியாயமும் ஒரே இசைத்தட்டில் இருக்கிறது. (ஸ்டீவியின் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' பாட்டை ஆல்பத்தில் சேர்க்காமல் ஒரு சிங்கிளின் (தனிப்பாட்டு இசைத்தட்டின்) பின்பக்கத்துக்குத் தள்ளியது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.)

ஆனாலும் அந்த ஆல்பத்தில் என் ஓட்டு குழுவின் இன்னொரு பாடகி கிறிஸ்டின் மெக்வீக்குத்தான். பதினொரு பாட்டில் நான்கு அவர் தனியாக எழுதியவை. வேறு யாருக்கும் அத்தனை இல்லை. 'யூ மேக் லவிங் ஃபன்' புதிய காதலைப் பற்றிய பாட்டு, அதற்கு பேஸ் கிதார் வாசித்தவர் அவரைப் பிரிந்த கணவர் ஜான் மெக்வீ. அந்த ஜானுக்கே தைரியம் சொல்லி எழுதியது 'டோண்ட் ஸ்டாப்'. அப்புறம் 'சாங்பேர்ட்'. பெர்க்லியில் ஆளில்லாத ஒரு அரங்கில், பியானோவும் குரலும் கொஞ்சம் கிதாரும் மட்டும் வைத்துப் பதிவு செய்தார்கள்.

அவர் வரிகளில் கவித்துவம் இல்லை என்கிறாய். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மர்மமான வரிகள் இருந்தால் சுமாரான மெட்டும் தப்பித்துவிடும். யாரும் பேசுகிற சாதாரணச் சொற்களை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஒரு பாட்டு நிற்கிறது என்றால், மெட்டு எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்! 2022-ல் அவர் இறந்த செய்தி வந்தபோதும் 'சாங்பேர்ட்' பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். பாடகி ஜோனி மிட்செலின் 'புளூ' ஆல்பம் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்? டிலனின் ஆல்பத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1971-ல் வந்தது அது. அதை விட்டுவிட்டுப் போட்ட பிரிவு ஆல்பங்களின் பட்டியலை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீக்கிரம் பதில் எழுது.

அன்புடன்,
சேகர்