என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாய்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பின படிவத்தை அக்கா வாசித்து விளங்கப்படுத்தினாள். நீ தனியாக அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டப்போகிற பாய்ப்படகில் பூட்டுவதற்கு, உதவி கேட்டுச் சைகை அனுப்புகிற அந்த ஈபேர்ப் கருவியைப் பதிகிற இடத்தில், ஆபத்து நேரத்தில் யாருக்கு அழைக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அம்மா, முல்லைத்தீவு, இலங்கை என்று எழுதி என் போன் நம்பரையும் போட்டிருக்கிறாய். வேறு ஒருவரும் இல்லை. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பிறகு இரவு படுத்துக்கொண்டு யோசித்தால் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. நடுக்கடலில் உனக்கு ஏதும் நடந்து, அந்தக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் செய்மதிக்குக் கத்த, அது பிரான்ஸில் கிரி-நே என்கிற மீட்பு நிலையத்துக்குப் போக, அங்கே வேலையில் இருக்கிற பெடியன் இங்கே விடியப்புறம் மூன்று மணிக்கு எனக்கு அடித்துப் பிரெஞ்சில் கேள்வி கேட்டால் நான் அவனுக்கு என்ன சொல்வது?

அப்படிக் கேட்பது அவனுடைய வேலை என்றும் அக்கா சொன்னாள். அந்தக் கருவிகளிலிருந்து வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை கைதவறி அமத்துப்பட்டவையாம். அதனால் முதலில் வீட்டாரிடம் விசாரிப்பார்களாம். இந்தப் பெயரில் படகு உண்டா, உண்மையாகவே கடலில்தான் நிற்கிறதா, எத்தனை பேர், என்ன நிறம், கடைசியாக எப்போது கதைத்தது. அப்படியென்றால் அந்த நம்பருக்கு உரிய ஆள் மறுமொழி தெரிந்த ஆளாக இருக்க வேண்டும் அல்லவா. கனடாவில் அண்ணா இருக்கிறான், ஆங்கிலம் கதைப்பான், பதற்றப்படவும் மாட்டான். அவனை முதலாவதாகப் போடு. உன்னோடு வேலை செய்கிற பிரெஞ்சுக்காரர் யாரையாவது கேட்டு இரண்டாவதாகப் போடு. என்னை எடுத்துவிடாதே, மூன்றாவதாக இருக்கட்டும். மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் நின்றால் போன் சிக்னலும் சேர்ந்து நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியாததல்ல, நீ வெளிக்கிடப்போவதும் சரியாக எங்கள் மழைக்காலத்தில்தான்.

நீ சொன்ன பாதையை அக்காவின் மகள் கணினியில் காட்டினாள் (இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்கிறவளும் அவள்தான், பிழை இருந்தால் அவளுடையது). கனேரியாத் தீவிலிருந்து கேப் வேர்டேயின் மின்டெலோவுக்கு ஒரு ஓட்டம், அங்கே தண்ணீரும் சாமானும் ஏற்றிக்கொண்டு கரீபியன் தீவான மார்த்தினிக்குக்கு மற்ற ஓட்டம். இரண்டாவதுதான் பெரியது, 2,100 கடல் மைல் அளவில் வரும். கிலோமீற்றரில் சொன்னால் 3,900க்குக் கிட்ட. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் உள்ள முழு இலங்கையையும் ஒன்பது தரம் நீட்டி வைத்தால்தான் அந்தத் தூரம். உன் சின்னப் படகு மணிக்கு ஐந்து கடல் மைல் ஓடினால் பதினெட்டு நாள். காற்று விழுந்தால் இன்னும் ஒரு கிழமை கூடும் என்று அப்பா சொல்கிறார்.

காற்றைப் பற்றி அப்பாவுக்குப் பெரிய ஆச்சரியம். டிசம்பரிலும் ஜனவரியிலும் அங்கே அடிப்பதும் வடகிழக்கிலிருந்து வருகிற காற்றுத்தான் என்றவுடன், 'அட, அது எங்கட வாடைக்காற்று எல்லோ' என்று எழும்பி உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு அது கரையைப் பார்த்து அடிக்கிறபடியால் கடல் குழம்பி, வள்ளங்களை மேட்டில் இழுத்து வைத்துவிட்டு வலை பொத்திக்கொண்டு இருக்கிற காலம். உனக்கு அதே காற்று முதுகுப்பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டு போகும். கொலம்பஸும் 1492இல் அந்தக் காற்றைப் பிடித்துத்தான் போனான் என்கிறாள் பேத்தி. சூறாவளிக் காலம் நவம்பரோடு முடிகிறது, அதற்குப் பிறகுதான் போகிறாய் என்பதால் அந்தப் பயம் எனக்குக் குறைவு. ஆனால் முதுகுக் காற்றில் படகு இரண்டு பக்கமும் உருளும், கும்பாவில் கஞ்சி நிற்காது, அதைப் பழகிக்கொள். இரவில் மழை இருட்டோடு திடீரென்று காற்று ஏறுமாம். இருட்டுமுன் பாயைச் சுருக்கிவிட்டுப் படு, வேகம் குறைந்தால் குறையட்டும், உனக்கு அங்கே என்ன கலியாணமா காத்திருக்கிறது.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார், அதையும் உன்னிடம் நேரே கேட்காமல் என்னைக் கேட்கிறார். காற்றைப் பார்த்துத் தானே சுக்கான் பிடிக்கிற கருவி ஒன்று பூட்டியிருக்கிறாய் அல்லவா, மின்சாரமும் தேவையில்லை என்று பெருமையாகச் சொன்னாய். நீ தவறி விழுந்தால் அந்தக் கருவிக்குத் தெரியுமா? தெரியாது. அது பாட்டுக்கு மேற்கே ஓட்டிக்கொண்டு போகும். ஐந்து மைல் வேகம் என்றால் நொடிக்கு இரண்டரை மீற்றர், உலகச் சாம்பியன் நீந்தினாலும் எட்டிப் பிடிக்க முடியாது. எங்கள் வள்ளத்தில் ஒருவன் விழுந்தால் மற்றவன் திருப்புவான். உனக்குத் திருப்ப ஆள் இல்லை. ஆகவே அணியத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, உடம்பில் பட்டி போட்டு, அதில் கொளுவிக்கொண்டுதான் நடக்க வேண்டும். கடல் அமைதியாகக் கிடக்கிற பகல் வேளையிலும் அப்படித்தான், சலம் கழிக்கப் போனாலும் அப்படித்தான். 'கட்டாமல் வெளியே வரமாட்டேன் என்று சொல்லச் சொல்லு' என்கிறார் அப்பா. சொல்லிவிடு, அவர் நித்திரை கொள்ளட்டும்.

உன் நித்திரைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய யோசனை. ஊரில் யாரைக் கண்டாலும் வல்வெட்டித்துறை அன்னபூரணிக் கதையைச் சொல்கிறார்கள். அங்கே கட்டின பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் எங்கள் ஆட்களே ஓட்டிக்கொண்டு போனார்கள், உங்கள் மகனுக்கு என்ன பயம் என்று. எனக்கும் அந்தக் கதையில் பெருமைதான். ஆனால் அது வேறு, தம்பி. அந்தக் கப்பலில் முறை வைத்துப் படுக்க ஆட்கள் இருந்தார்கள். நீ இருபது இருபது நிமிடமாக அலாரம் வைத்து நித்திரை கொள்ளப்போகிறாய், ஏனென்றால் அடிவானத்தில் தெரிகிற பெரிய கப்பல் அந்த நேரத்துக்குள் உன் தலைமாட்டுக்கு வந்துவிடும். கிட்ட வருகிற கப்பலைக் கண்டு சத்தம் போடுகிற ஏஐஎஸ் கருவி இருக்கிறது என்கிறாய், நல்லது, ஆனால் அதே கருவி பூட்டின கப்பலைத்தான் அது காணும், சின்ன மீன்பிடிப் படகு எல்லாவற்றிலும் அது பூட்டியிருக்காதே. கரையை விட்ட முதல் நாட்களில் அந்த இருபது நிமிடக் கணக்கைக் குறைக்காதே, கூட்டாதே. கப்பல் பாதையெல்லாம் தாண்டி வெறும் கடலுக்கு வந்த பிறகு பகலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் படு. நித்திரை கெட்ட தலை, முடிச்சைப் பிழையாகப் போட்டுவிட்டுச் சரி என்று சொல்லும். இரவுத் தொழிலுக்குப் போய் வந்த மனிதரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் சொல்கிறேன்.

சரி, இனி என் பக்கத்து வேலையைக் கதைப்போம், ஏனென்றால் நம்பர் கொடுத்தவன் வேலையும் கொடுத்திருக்கிறான்.

ஒரு வள்ளம் நேரத்துக்குக் கரை சேராவிட்டால் இங்கே உடனே யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. கேள்விதான் கேட்பார்கள். கடைசியாக யார் கண்டது, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எண்ணெய் எவ்வளவு கொண்டுபோனான், காற்று எப்போது திரும்பியது. அந்த விடைகளை வைத்துத்தான் எங்கே தேடுவது என்று முடிவெடுத்து மற்ற வள்ளங்கள் இறங்கும். விடை இல்லாத வீட்டுக்கு எத்தனை வள்ளம் இறங்கியும் பிரயோசனம் குறைவு. ஆகவே நீ எனக்குத் தினமும் ஒருமுறை எழுத வேண்டும். கிரினிச் நேரம் பகல் பன்னிரண்டு, இங்கே பின்னேரம் ஐந்தரை. நீ மேற்கே போகப் போக உன் மணிக்கூடு மாறும், அந்த நேரம் மாறக்கூடாது. அலை என்ன உயரம், டொல்பின் வந்தது, பறக்கிற மீன் படகுக்குள் விழுந்தது என்று கதை எழுத வேண்டாம், எழுதினால் சந்தோஷம், ஆனால் முதலில் அகலாங்கு நெட்டாங்கு, பிறகு காற்று, பிறகு 'சுகம்'. அது போதும்.

ஒரு நாள் வராவிட்டால் நான் பயப்பட மாட்டேன். பற்றரி இறங்கியிருக்கும், உப்புத் தண்ணீர் பட்டிருக்கும், நீ படுத்திருப்பாய். கணினி வரைபடத்தில் நீ நிற்கிற இடத்தைக் காட்டுகிற புள்ளி நகராமல் நின்றால் படகு நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை என்பதும் எனக்கு விளங்கிவிட்டது. இரண்டாம் நாளும் வராவிட்டால் அண்ணாவுக்குச் சொல்வேன், அவன் உன் நண்பர்களிடம் விசாரிப்பான். மூன்றாம் நாள் அண்ணா அந்த மீட்பு நிலையத்துக்கு அடிப்பான். இதுதான் கணக்கு. இதை மாற்ற வேண்டுமென்றால் வெளிக்கிட முன்னர் மாற்று, பிறகு நடுவில் நின்றுகொண்டு 'அம்மா ஏன் குழப்பினாய்' என்று சொல்லக்கூடாது.

2018இல் தனியாகப் பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றுகிற போட்டிக்குப் போன இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் கதையைப் பேத்தி எடுத்துத் தந்தாள். இந்து சமுத்திரத்தின் தெற்கே பாய்மரம் முறிந்து, முதுகு அடிபட்டு, அசைய முடியாமல் கிடந்திருக்கிறார். ஆனாலும் தான் எங்கே, என்ன நிலை என்று குறுஞ்செய்தி அனுப்ப முடிந்ததனால் மூன்றாம் நாள் ஒரு பிரெஞ்சுக் கப்பல், அதுவும் மீன்பிடியைக் கண்காணிக்கிற கப்பல், வந்து தூக்கியது. அவர் பிறகும் அடங்கவில்லை, அதே போட்டிக்குத் திரும்பப் போய் 2023இல் இரண்டாவதாக வந்தார். அவருடைய தாய் எப்படிச் சமாளித்தாரோ. நீ போகிற கடலின் நடுவுக்கும் ஹெலிகொப்டர் வராது, பக்கத்தில் போகிற சரக்குக் கப்பலைத்தான் திருப்பி விடுவார்கள். திருப்புகிறவனுக்கு நீ எங்கே என்று தெரிய வேண்டும்.

2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையில் ஒரு படகு வந்தது நினைவிருக்கிறதா, ரோஹிங்கியா சனம், குழந்தைகளோடு நூறு பேருக்கு மேல். எங்கள் ஆட்கள்தான் முதலில் கண்டு தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள், பிறகு கடற்படை திருகோணமலைக்குக் கொண்டுபோனது. அந்தச் சனம் கடலில் நிற்பது இந்தக் கரையில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்தரை மணிக்கு அவர்களை எண்ணிக்கொண்டு ஒருவரும் இருக்கவில்லை.

2017இலிருந்து கிளிநொச்சியிலும் இங்கேயும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு றோட்டோரத்தில் இருக்கிற தாய்மாரை நீ அறிவாய். நீ உன் விருப்பத்துக்குப் போகிறாய், அவர்களின் கதையோடு உன்னுடையதைச் சேர்த்துக் கதைக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் 'தகவல் இல்லை' என்கிற பதிலை யார் வாயால் கேட்டாலும் எனக்குக் கை நடுங்கும், அதை இந்த வயதில் மாற்ற முடியாது. அந்த ஐந்தரை மணியை நான் பிடித்துக்கொண்டு நிற்பது அதனால்தான்.

ஊரில் வேறு பேச்சும் இருக்கிறது. சன் சீ கப்பலில் 2010இல் எங்கள் அகதிச் சனம் 492 பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பசிபிக்கைத் தாண்டிக் கனடா போனார்கள், இவன் விளையாட்டுக்குக் கடல் தாண்டப் போகிறானாம் என்று ஒருவர் கடையில் வைத்துச் சொன்னார். நான் விடவில்லை. எங்கள் சனம் துரத்தப்பட்டு மட்டும்தான் கடல் தாண்ட வேண்டும் என்று எங்கே எழுதிக் கிடக்கிறது, விரும்பித் தாண்டுகிற ஒருவனும் இருக்கட்டுமே என்றேன். மனிதர் சீனியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்த்தினிக்குக் கிட்டப் போகிற நாளைப் பற்றி அப்பா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். இருட்டில் கரைக்குள் போகாதே. தீவின் கிழக்குப் பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள் பாறை என்று வரைபடத்தில் தெரிகிறது, நீ தெற்கால் சுற்றித்தான் லெ மரான் துறைக்குப் போக வேண்டும். வெளிச்சம் கண்டவுடன் ஓட மனம் வரும், களைப்பு வேறு. வெளியே நின்று விடியப் போ. சுனாமி அன்று தூரக் கடலில் தொழிலுக்கு நின்ற ஆட்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, கரையில் நின்றவர்கள்தான் போனார்கள். ஆழக்கடலுக்குப் பயந்து கரையை நம்புகிறது படகுக்காரனுக்குச் சரிவராது என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

தண்ணீரை ஒரே தாங்கியில் வைக்காதே, பாதியைக் கான்களில் பிரித்து வை, ஒன்றில் உப்பு ஏறினாலும் மற்றது நிற்கும். ஒரு நாளைக்குக் குடிக்கச் சமைக்க நாலு லீற்றர் கணக்கு வைத்து, பதினெட்டு நாளுக்கல்ல, முப்பது நாளுக்கு ஏற்று.

பார்சல் திங்கட்கிழமை அனுப்புகிறேன். புழுக்கொடியல், பொரிமா, எள்ளுருண்டை, அக்கா இடித்த மிளகாய்த்தூள். கருவாடு வைக்கவில்லை, சுங்கத்தில் பிரித்தால் நாற்றத்தில் மிச்சச் சாமானையும் எறிந்துவிடுவார்கள். புழுக்கொடியலை முதல் கிழமையிலேயே முடித்துவிடாதே, அது மாதக்கணக்கில் கெடாது, மற்றதை முதலில் சாப்பிடு. வற்றாப்பளை அம்மன் திருநூறும் ஒரு சரையில் இருக்கிறது. உனக்கு நம்பிக்கை இல்லை என்று தெரியும், படகில் எங்காவது ஒட்டி வை.

ஞாயிற்றுக்கிழமை எடு, அண்ணாவையும் லைனில் சேர்த்து அந்த மூன்று நாள் கணக்கை முடிவாக்குவோம். படகின் நிறம், பாயில் உள்ள இலக்கம், மிதவைப் படகின் நிறம் எல்லாம் எழுதி அனுப்பு, ஃபிரிட்ஜில் ஒட்ட வேண்டும்.

அம்மா